பி. யூ. துரையின் சோடா

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பத் தாளிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் சேக்காளி அகமது கபீர் வளைகுடா நாடு ஒன்றில் பதினாறு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். இனிமேல் ஒருத்தனிடம் கைகட்டி நிற்க முடியாது, அங்கேயே சொந்தமாகக் கடை போடப்போகிறேன் என்று லீவில் வந்திருந்தபோது சொன்னார். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து இரண்டு பேரும் அந்த நாட்டு ஃபாரத்தை நிரப்பினோம். முதல் கேள்வியிலேயே மூன்று கட்டங்கள். தனி ஆளாக நடத்தப்போகிறீர்களா? அந்த நாட்டுக்காரர் ஒருவரோடு கூட்டாகவா? கம்பெனியாகவா? கபீர் வெகுநேரம் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நம்ம ஊரிலிருந்து போய் வெளிநாட்டில் முதன்முதலாகக் கம்பெனி பதிந்தவன் யாராக இருக்கும் என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் எனக்குப் பிழைப்பு.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். 1934இல் தென்காசிக்காரன் வெளிநாடு போகக் கப்பல் ஏற வேண்டியதில்லை. மேற்கே ஐந்து மைல் நடந்தால் போதும். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர். வேறு ராஜா, வேறு காசு, வேறு தபால் தலை. மழை மட்டும் ஒரே மழை.

(கீழே வருவது முழுக்க என் கற்பனை. இந்த ஆட்களை எந்த ஆபீஸ் ரிக்கார்டிலும் தேட வேண்டாம். கதையில் வரும் ஃபாரத்தையும் நானே அச்சடித்தேன். அதில் ஒரு கட்டம் வேண்டுமென்றே சேர்த்தது. எந்தக் கட்டம் என்பது போகப் போகத் தெரியும்.)

2

முதல் வரிக்காகச் செலவழித்த காகிதங்கள்:

‘குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்தது. மலையின் தோளில் மேகம்—’

அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் கதை என்றால் முதல் வரியிலேயே எல்லாரும் நனைந்துவிடுகிறார்கள்.

‘பலவேசம் பரம நல்லவன். யாருக்கும் ஒரு தீங்கும்—’

இதையும் அடித்தேன். நல்லவன் என்று எழுதியதும் நீங்கள் அவனுக்காக இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். அவன் இரக்கம் கேட்டு வந்தவனில்லை.

‘1934 மாசி மாதத்தில் ஒரு காலை, ஒரு சோடா மிஷின் மாட்டு வண்டியில் ஏறி வெளிநாடு போனது.’

இது இருக்கட்டும்.

3

வண்டிக்கு முன்னால் நடந்தவன் பலவேசம். வயது முப்பத்தைந்து. வண்டிக்குப் பின்னால், வைக்கோல் வைத்து அடுக்கிய பாட்டில் பெட்டிகள் உருண்டு விழாமல் கையால் அணை கொடுத்தபடி நடந்தவள் அவன் பெண்டாட்டி உலகம்மாள்.

இரண்டு பேரும் கொழும்பில் ஒரு சோடாக் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர்கள். அவன் மிஷினில் நின்றான். அவள் பாட்டில் கழுவும் தொட்டியில் தொடங்கி, கழுவுகிற முப்பது பெண்களுக்கு மேஸ்திரியாக உயர்ந்தாள். அந்தக் கம்பெனி புது மிஷின் வாங்கியபோது பழையதை இவர்கள் விலைக்குக் கேட்டார்கள். கையால் சுற்றுகிற மிஷின். தூத்துக்குடிக் கப்பலில் அது வந்து இறங்கிய அன்று, பெற்ற பிள்ளையைக் கூட்டி வருவதுபோல உலகம்மாள் அதன் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாளாம்.

(முதல் பிரதியில் உலகம்மாள் பாட்டில் மட்டும்தான் கழுவினாள். பேச்சே கிடையாது. நாலாவது பக்கத்தில் அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை சரியில்லை. திரும்பப் போய் அவளை மேஸ்திரியாக்கினேன்.)

1933 சீசனில் குற்றாலத்தில் கடை போட்டார்கள். மெயின் அருவிக்குப் போகிற பாதையில் ஒரு தட்டிப் பந்தல். சோடா நன்றாக இருந்தது. கோலியை உள்ளே தள்ளினால் மூக்கில் ஏறும். பத்து நாள் நல்ல ஓட்டம். பதினோராம் நாள், ஈர வேட்டியோடு வந்த ஒரு பெரிய மனிதர் இரண்டு பாட்டில் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டுவிட்டு, எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று சாவதானமாக விசாரித்தார். பலவேசம் ஒளிக்கவில்லை. சொன்னான். அந்த மனிதர் திரும்பி நடந்து, மறுபடியும் அருவியில் போய் நின்றார். குடித்த சோடாவுக்காகத் தலைமுழுகினார். சுற்றி நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

தென்காசியில் பெரிய சோடாக் கடை வைத்திருந்த சங்கரபாண்டி அண்ணாச்சி இந்தச் சங்கதியைச் சும்மா விடவில்லை. கடை கடையாக ஆள் அனுப்பிச் சொன்னார். பலவேசம் கடைகளுக்குப் போட்ட பெட்டிகள் அப்படியே திரும்பி வந்தன. ஒரு கடைக்காரர் பெட்டியைத் தொடக்கூட மாட்டேன், நீயே எடுத்துக்கோ என்று தெருவில் நின்று சொன்னார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். பலவேசம் என்ன ஆட்கள்?

சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். சோடா குடித்த மனிதர் கேட்டது இதே கேள்வியைத்தான். அவருக்குப் பதில் கிடைத்தது, இவர்கள் கடை போனது. உங்களுக்கும் அந்தச் சௌகரியத்தைச் செய்து கொடுக்க எனக்கு மனசில்லை. பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் பார்க்காதீர்கள். பலவேசம் என்ற பெயர் எங்கள் பக்கத்தில் எல்லாத் தெருவிலும் உண்டு.

4

செங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார் அப்துல் மஜீது. தூத்துக்குடித் துறைமுகத்தில் மிஷினை விடுவிக்கக் காகிதம் எழுதிக் கொடுத்தவரின் ஒன்றுவிட்ட தம்பி. அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு பலவேசம் அவரிடம் போய் நின்றான்.

மஜீது கேட்ட முதல் கேள்வி, நீ எந்த நாட்டுப் பிரஜை என்பது. பலவேசத்துக்கு விளங்கவில்லை. தென்காசி என்றான். தென்காசி ஒரு நாடில்லை, நீ பிரிட்டிஷ் பிரஜை என்றார் மஜீது. கொழும்பில் பதினோரு வருஷமும் அவனை ‘இந்தியக் கூலி’ என்றுதான் எழுதினார்கள். ஐந்து மைல் நடந்ததற்குப் பிரிட்டிஷ்காரனாகிவிட்டது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெளிநாட்டு ஆள் இங்கே தொழில் போட மூன்று வழி உண்டு என்று மஜீது விரல் மடக்கினார். முதல் வழி, சொந்தப் பெயரில். அதற்குத் தின்பண்டம், குடிபண்டம் விற்கிற லைசென்ஸ் வேண்டும். ஃபாரத்தில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி என்று வரிசையாகக் கட்டம் இருக்கும். லைசென்ஸைக் கடை வாசலில் எல்லாரும் பார்க்கத் தொங்கவிட வேண்டும்.

பலவேசம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அடுத்தது என்ன என்றான்.

இரண்டாவது வழி, உள்ளூர்க்காரர் ஒருவரோடு கூட்டு. மேலத்தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், பெயர் கொடுப்பார். கடை அவர் பெயரில் நடக்கும். மிஷின் உன்னுடையது, உழைப்பு உன்னுடையது, போர்டு அவருடையது. இந்த வழியில் வருகிற வெளியூர்க்காரர்கள்தான் அதிகம், தொந்தரவில்லாத வழி என்றார் மஜீது.

பலவேசம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். வாசலில் நின்ற உலகம்மாள் சொன்னாள், உள்ளே வராமலே:

“அதுக்குக் கொழும்புலயே இருந்திருக்கலாமே.”

மூன்றாவது வழியைச் சொல்வதற்கு முன்னால் மஜீது எழுந்து உள்கதவைச் சாத்தினார். வக்கீல் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

“லிமிடெட் கம்பெனி. ரெண்டு பேரு போதும், நீரும் ஒம்ம பொஞ்சாதியும். பதிஞ்ச அன்னையிலேருந்து கம்பெனிங்கிறது தனியா ஒரு ஆளுவே. சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. அது சொத்து வாங்கலாம், கேஸ் போடலாம், கடை நடத்தலாம். நீரு செத்தாலும் அது சாவாது.”

“அதுக்கு அப்பா அம்மா?”

“கெடையாது.”

பலவேசம் மஜீது மடக்கிய முதல் விரலைக் காட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“அப்போ அந்தக் கட்டத்துல என்னத்த எழுதுவாவ, சாயபு?”

மஜீது சட்டப் புத்தகத்தைத் திறந்தார். மூடினார். இருபது வருஷக் குமாஸ்தா வேலையில் அவருக்கு அது தோன்றியதே இல்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். வக்கீல் எழுந்துகொண்டார்.

5

அப்துல் மஜீது மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதற்காக இந்த மனிதர் இவ்வளவு உதவுகிறார்? எனக்குக் கதை நகர வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல முஸ்லிமைச் செய்து வாசலில் உட்கார வைத்துவிட்டேனா? இரண்டு நாள் எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தேன்.

காரணம் கிடைத்தது. மஜீது இருபது வருஷமாக மற்றவர்கள் எழுதியதைப் பிரதி எடுத்தவர். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை. எல்லாமே ஏற்கெனவே இருந்ததைக் கைமாற்றுவது, இல்லாவிட்டால் துண்டுபோடுவது. இல்லாத ஒன்றை உண்டாக்குகிற பத்திரத்தை அவர் எழுதியதே கிடையாது. கம்பெனி நடைமுறை விதிகளை எழுதும் சந்தர்ப்பம் வந்ததும் மனிதர் பதினெட்டு நாள் உட்கார்ந்து, அறுபத்திரண்டு விதி எழுதினார். இரண்டே பேர் இருக்கிற கம்பெனிக்குப் பொதுக்கூட்டம் எப்படிக் கூட்டுவது, தலைவர் வராவிட்டால் என்ன செய்வது, ஓட்டு சரிசமமாக வந்தால் யார் முடிவு செய்வது என்பதற்கெல்லாம் விதி. உலகம்மாள் அதைப் பார்த்துவிட்டு, இம்புட்டையும் யாரு கடைப்பிடிக்கப்போறா என்று கேட்டபோது அவர் முகம் வாடிப்போனது.

இது உதவி இல்லை. எழுத்தாளனின் பேராசை. அதை நான் நம்புவேன்.

6

பெயர் வைப்பதில் சண்டை வந்தது. பலவேசம் ‘மலையருவி’ என்றான். உலகம்மாளுக்கு இரண்டு பேரின் பெயரும் முழுசாக வர வேண்டும். கடைசியில் மஜீது சமரசம் செய்து, இரண்டு பெயரின் முதல் எழுத்தை இங்கிலீஷில் எடுத்தார். பி. யூ. சோடா கம்பெனி லிமிடெட். அவள் ஒத்துக்கொண்டாளே தவிர, அரைப் பெயர் என்று முனகினாள்.

மஜீதும் பலவேசமும் ரயிலேறித் தலைநகரம் போனார்கள். மலைக் குகைக்குள் ரயில் நுழைந்தபோது பலவேசம் காகிதக் கட்டை மடியில் இறுக்கிக்கொண்டான். ஆபீஸில் மூன்று நாள் நிற்க வைத்தார்கள். நான்காம் நாள் முத்திரை விழுந்தது. இயக்குநர்கள் என்ற இடத்தில் அவன் பெயரும் அவள் பெயரும், பக்கத்தில் ‘பிரிட்டிஷ் பிரஜைகள்’ என்றும் இருந்தது.

ஆனால் நான் சொல்ல ஆசைப்பட்டது அந்த முத்திரையை அல்ல. திரும்பி வந்து செங்கோட்டையில் லைசென்ஸுக்குப் போனதைத்தான். அங்கேதான் நான் அச்சடித்த கட்டம் இருந்தது.

எழுத்தர் வயதானவர். கெட்டவரில்லை. பெயர்: பி. யூ. சோடா கம்பெனி லிமிடெட். எழுதினார். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் பேனா தயங்கியது. தாண்டினார். ஊரை எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றே விட்டது. நிமிர்ந்து பலவேசத்தைப் பார்த்தார். விண்ணப்பதாரர் நீதானே என்றார். இல்லை, விண்ணப்பதாரர் கம்பெனி, இவர் அதன் இயக்குநர் என்றார் மஜீது. யாரோ ஒருவர் சாதியைப் போட்டுத்தானே ஆக வேண்டும் என்றார் எழுத்தர். மஜீது சட்டப் புத்தகத்தை விரித்து மேஜைமேல் வைத்தார். எழுத்தர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வந்தார். இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார். பலவேசம் அரை நாள் அந்த மேஜைக்கு எதிரே நின்றான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவனும் கேட்கவில்லை. நகரவும் இல்லை.

மத்தியானத்துக்குமேல் எழுத்தர் வந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார்.

அந்தக் கோடு காய்கிற வரைக்கும் பலவேசம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

7

செங்கோட்டை ரயிலடிக்கு எதிரே கம்பெனி பெயரில் கடை பிடித்தார்கள். பின்னால் கொட்டகையில் மிஷின். கடையில் விற்பதற்கு இசக்கியப்பன் என்பவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். ஊருக்குள் எல்லாருக்கும் வேண்டியவர். பலவேசம் மிஷினைச் சுற்றினான். உலகம்மாள் பாட்டில் பக்கம். இரண்டு பேருமே கடைக்கு முன்னால் வந்து நிற்பதில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை அவர்கள் திட்டமிடவில்லை. நானும் திட்டமிடவில்லை.

கடைச் சுவரில் மாட்டிய கம்பெனிப் பத்திரத்தை யாரோ தூரத்திலிருந்து படித்தார்கள். ‘பிரிட்டிஷ்’ என்ற வார்த்தை மட்டும் கண்ணில் விழுந்தது. மேலே பி. யூ. என்று இங்கிலீஷ் எழுத்து. ஒரு வாரத்துக்குள் ரயிலடி முழுக்க ஒரு பேச்சு: இது பி. யூ. துரையின் கம்பெனி. சீமையிலிருந்து மிஷின் வந்திருக்கிறது. துரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறார். யார் கையும் படுவதில்லை.

ஆனி பிறந்தது. சீசனுக்கு வருகிற கூட்டம் கொல்லம் வண்டியில் வந்து இறங்கி, குற்றாலத்துக்கு வண்டி பிடிப்பதற்கு முன்னால் பி. யூ. சோடா குடித்தது. மடி ஆசாரம் பார்க்கிறவர்கள்கூட, துரை சரக்கு, மிஷின் தண்ணீர், தோஷமில்லை என்று அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்கள். ஆரியங்காவுப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வாரம் ஒரு வண்டி கேட்டு ஆள் வந்தது. பலவேசத்துக்குக் கை காய்த்துப்போனது. ராத்தூக்கம் நிம்மதியாக வந்தது. பேச்சை அவன் கிளப்பவில்லை. மறுக்கவும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் சங்கரபாண்டி அண்ணாச்சி வந்தார்.

பி. யூ. சோடாவுக்குத் தென்காசி ஏஜென்சி தனக்கு வேண்டும், துரையைப் பார்த்துப் பேச வேண்டும் என்று இசக்கியப்பனிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்து வந்தவர், பெட்டி தூக்கிக்கொண்டிருந்த பலவேசத்தைப் பார்த்து நின்றார். பலவேசம் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“ஏலே, நீ இங்கனயா வேல பாக்க?” என்றார் அண்ணாச்சி. குரலில் கோபமே இல்லை. சந்தோஷம்தான். “நல்லதாப் போச்சு. தனியாக் கடை போட்டு என்னத்தக் கண்ட? கம்பெனில வேல பாக்குதவன் கையி கம்பெனி கையிதாம்லே. இப்போ ஒரு கொறயும் இல்ல, பாரு.”

சொல்லிக்கொண்டே, பலவேசம் தூக்கி நின்ற பெட்டியிலிருந்து தானே ஒரு பாட்டிலை உருவினார். கட்டை விரலால் கோலியைத் தள்ளினார். நின்ற நிலையில் குடித்து முடித்தார். துரை எங்கே என்று கேட்டார்.

பலவேசம் சொல்லியிருக்கலாம். நான் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அவனுக்காகக் காத்திருந்தேன்.

“மலைக்குப் போயிருக்காவ,” என்றான். “அடுத்த வாரம் வாங்க.”

தொட்டியடியில் குனிந்திருந்த உலகம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மறுநாள் விடிந்ததும் மஜீது வீட்டுக்குப் போய், கம்பெனிப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், என்ன விதி என்று கேட்டாள். மஜீதுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருடைய விதிகளைத் தேடி வந்த முதல் ஆள் அவள்தான்.

8

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கொட்டகையில். நாற்காலிக்குப் பாட்டில் பெட்டிகள். விதிப்படி தலைவர் பலவேசம். குறிப்பு எழுத மஜீது, புது மைக்கூட்டோடு. உலகம்மாள் கொண்டுவந்த தீர்மானம் ஒன்றே ஒன்று: கடை போர்டில் கம்பெனிப் பெயருக்குக் கீழே ‘நடத்துகிறவர்கள் பலவேசம், உலகம்மாள், தென்காசி’ என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வோர் எழுத்தும் சாண் உயரத்தில் எழுத வேண்டும்.

(இந்த அத்தியாயத்தில் பலவேசத்தைக் கோழையாக்கிவிடுவது சுலபம். நாலு வரியில் முடிந்துவிடும். அவன் அப்படியில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் அதை முழுசாக எழுதுகிறேன்.)

பலவேசம் சொன்னான்: நாம் யாரையும் ஏமாற்றவில்லை. பத்திரம் சுவரில் தொங்குகிறது, நம் பெயர் அதில் இருக்கிறது. கிட்டே வந்து படிக்காதது அவர்கள் குற்றம். துரை என்று ஒருத்தனை அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள், உண்டாக்கினவர்களே வைத்துக்கொள்ளட்டும். போர்டு எழுதிய அன்றே இசக்கியப்பன் போய்விடுவார், கடை போய்விடும், குற்றாலத்தில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். பதினோரு வருஷம் அடுத்தவன் மிஷினைச் சுற்றியாயிற்று. இப்போதுதான் சொந்த மிஷின் சுற்றுகிறது. அதை நிறுத்த வேண்டாம்.

உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“அந்த அண்ணாச்சி ஒங்க மூஞ்சிக்கு நேரா நின்னு குடிச்சாரு. ஒங்க கையின்னு குடிக்கல. இல்லாத ஒருத்தன் கையின்னு குடிச்சாரு. நீங்களும் ஆமான்னு சொன்னிய. இல்லாத ஆளுக்கு நான் பாட்டில் கழுவ மாட்டேன்.”

மஜீது எழுதுவதை நிறுத்தினார்.

“ஒளியதுக்காவா இம்புட்டுக் காயிதம் எழுதுனோம்?” என்றாள் அவள். “மனுசங்களாப் போர்டுல பேரு போட்டுக்கத்தான எழுதுனோம். ஓட்டுப் போடுங்க.”

ஆளுக்கு ஐம்பது பங்கு. தீர்மானத்துக்கு ஆதரவாக ஐம்பது. எதிராக ஐம்பது. பலவேசம் எதிராகவே கை தூக்கினான். தூக்கிய கையை அவன் உடனே இறக்கவில்லை.

மஜீது விதிகளைப் புரட்டிப் பார்த்து, நாற்பத்தோராம் விதிப்படி ஓட்டு சமமாக வந்தால் தலைவருக்கு அதிகப்படியாக ஓர் ஓட்டு உண்டு, தலைவர் தம் ஓட்டைப் போடலாம் என்றார்.

பலவேசம் எழுந்து போய் மிஷின் பக்கத்தில் நின்றான். கைப்பிடியைத் தொட்டான். அண்ணாச்சி கோலியைத் தள்ளியபோது பாட்டில் சீறிய சத்தம் அவனுக்கு இன்னும் காதில் இருந்தது. அன்று அவர் தன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாரே, அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. குற்றாலத்தில் தலைமுழுகினவரைக்கூட அவன் மறந்துவிடுவான்.

“பங்குக்காரன் பலவேசம் வேண்டாம்னுதான் சொல்லுதான்,” என்றான், மஜீதைப் பார்த்து. “பயந்த பய. அத அப்பிடியே எழுதிக்கிடுங்க. தலைவர் பலவேசம் தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டுப் போடுதான். அதையும் எழுதுங்க.”

மஜீது எழுதினார். அந்த ஒரு வரி மட்டும் கோணலாக விழுந்தது.

9

போர்டு எழுதிய அன்றே இசக்கியப்பன் போய்விட்டார். ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறோம், கேட்டால் பதில் சொல்ல முடியாது என்றார். சாவியை உலகம்மாள் கையில் கொடுக்காமல் பெட்டிமேல் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டு கடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் கூட்டம் வந்து பாட்டில்களை உடைத்தது. தெரு முழுக்கக் கண்ணாடி. கிழித்துவிட்டேன். அப்படி எழுதினால் கதை உடைத்தவர்களுடையதாகிவிடும்.

இரண்டாவதில் எல்லாரும் மனம் திருந்தி வரிசையில் நின்று குடித்தார்கள். அண்ணாச்சி மன்னிப்புக் கேட்—

கிழித்தேன். இதை எழுதிய கை எனக்கே கூசியது.

மூன்றாவதில் அவர்கள் மிஷினை ஏற்றிக்கொண்டு இன்னொரு நாட்டுக்குப் புறப்பட்டார்கள். உலகம்மாள் வண்டியில் ஏற மறுத்துவிட்டாள்.

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். விற்பனை விழுந்தது. முதல் வாரம் ரயிலடியில் பத்துப் பாட்டில்கூடப் போகவில்லை. மிஷின் நின்று நின்று சுற்றியது. எஸ்டேட் வண்டி மட்டும் தவறாமல் வந்தது. எஸ்டேட் லயங்களில், வரிசை வீடுகளில், இருந்த கூலிக்காரர்களுக்குத் தாகம் இருந்தது, விசாரிக்க நேரமில்லை. மேலத்தெருப் பெரியவர் ஆள் அனுப்பி, போர்டை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டால் பழையபடி நடக்கும் என்றார். கம்பெனி கூடி யோசிக்க வேண்டும் என்று பலவேசம் பதில் சொல்லி அனுப்பினான். கம்பெனி கூடியது. நூற்றுக்கு நூறு பங்கு எதிர்ப்பு. மஜீதின் குறிப்பேட்டில் மிக அழகான கையெழுத்தில் இருப்பது இந்தப் பக்கம்தான். கடையை அவர்கள் மூடவில்லை. அதற்குமேல் கேட்டால் எனக்குத் தெரியாது.

நான் நிறுத்துவது ஆவணி மாதம் ஒரு மத்தியானத்தில். சாரல் இல்லாமல் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொல்லம் வண்டி வந்து நிற்கிறது. தூரத்திலிருந்து வந்த ஒரு பிரயாணி, தொண்டை வறண்டு, ரயிலடியை விட்டு வெளியே வந்து, எதிரே முதலில் தெரிந்த கடையில் ஒரு சோடா கேட்கிறார். போர்டைப் பார்க்கவில்லை. உலகம்மாள் பாட்டிலைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து நீட்டுகிறாள். அவர் கோலியைத் தள்ளியாயிற்று. நுரை கழுத்துக்கு ஏறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, சொன்ன வாரம் வர முடியாமல்போய் இப்போதுதான் ஏஜென்சி விஷயமாகத் துரையைத் தேடி வந்த சங்கரபாண்டி அண்ணாச்சி தெருவைக் கடந்து வருகிறார். போர்டைப் படிக்கிறார். இரண்டாம் தடவையும் படிக்கிறார். முகம் வெளுத்துப்போகிறது. பிரயாணியின் பக்கத்தில் வந்து, இது யார் போட்ட சோடா என்பதை, பெயரோடும் தெருவோடும் மற்றதோடும் அவர் காதுக்குள் சொல்கிறார்.

பலவேசம் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறான். ஈரக் கையைத் துடைக்கவில்லை. உலகம்மாள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான்.

“ஆமா,” என்கிறான். “நாங்க போட்டதுதான்.”

பிரயாணி யார் என்று நான் எழுதவில்லை. பெயர் வைக்கவில்லை, ஊர் வைக்கவில்லை. எதற்கென்று உங்களுக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்தது நீங்கள்தான். பாட்டில் உங்கள் கையில்தான் இருக்கிறது. நான் உங்களுக்காகக் குடிக்கப்போவதில்லை, கீழே வைக்கப்போவதும் இல்லை.

சீக்கிரம் முடிவு செய்யுங்கள். சோடாவில் கேஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது.

“குடிச்சாலும் சரி, குடிக்காட்டியும் சரி,” என்கிறாள் உலகம்மாள். “பாட்டிலத் தந்துட்டுப் போங்க.”

கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.